முந்திக்கொண்ட கை

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் பூதம் என்றே நிலைத்துவிட்டது. அடுத்தவர் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். ஒன்பது வருடமாகக் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைத்தான் செய்துவந்தாள். யார் எதைக் கொண்டுவந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "எழுதினவங்களே சோதிச்சீங்களா?" என்பதுதான். ஆமாம் என்று யாராவது வெள்ளந்தியாகத் தலையாட்டிவிட்டால் தீர்ந்தது, வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். 'எழுதியவர் சோதிக்கக் கூடாது' என்று பெரிய எழுத்தில் அச்சடித்துத் தன் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியும் வைத்திருந்தாள்.

ஆனால் அவள் மனசு முழுவதும் மூன்றாம் மாடியில் இருந்தது. அங்கேதான் நிறுவனத்தின் கேம் பிரிவு. இரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் மகள் வீட்டுப்பாடம் எழுத, மறுமுனையில் உட்கார்ந்து கோடிங் படித்தாள். மாற்றல் கேட்டு இரண்டு முறை விண்ணப்பம் கொடுத்தாள். இரண்டு முறையும் மேனேஜர் அதை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பு கண்டுபிடிக்கறது வேற, உருவாக்கறது வேறம்மா" என்றார் இரண்டாம் முறை. "வர்ற ஹேக்கத்தான்ல ஒண்ணு செஞ்சு காட்டுங்க. நல்லா வந்தா மேல நானே பேசறேன். வரலன்னா மூணாவது தடவை இந்த ஃபார்மைத் தூக்கிட்டு வரக் கூடாது. சரியா?"

"சரி சார்."

சொன்னபோது குரல் நடுங்கவில்லை. படியிறங்கும்போதே மடித்த தாளைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஹேக்கத்தான், அதாவது குறித்த நேரத்துக்குள் ஒரு மென்பொருளை உருவாக்கிக் காட்டும் போட்டி, என்றதும் இராப்பகலாகக் கண்விழித்து, தரையில் படுத்துப் புரண்டு என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். இந்தக் கட்டடத்தில் ஆறு மணி ஆனால் காவலாளி விளக்கை அணைத்துவிடுவார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது அவர் கவலை இல்லை. வெள்ளியும் சனியும், காலை ஒன்பது முதல் வேலை. சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லா அணிகளும் கேம் பிரிவின் தலைவி முன்னால் தங்கள் கேமை ஓட்டிக் காட்ட வேண்டும். அணிக்கு மூன்று பேர்.

அவள் அணியில் ஒருவன் புதுமாப்பிள்ளை. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. அரை மணிக்கு ஒருமுறை போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வான், ஆனால் விசைப்பலகையில் கை வைத்தால் சூரன். இன்னொருவர் ஓவியர். ஐம்பதைத் தாண்டியவர், மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. வாயைத் திறந்தால் பாதி நேரம் வலது தோள்பட்டை வலியைப் பற்றித்தான் பேசுவார்.

கேம் அவளுடைய யோசனை. பெயர் 'நாற்சந்தி'. திரையில் நாலு சாலைகள் கூடும் இடம். நடுவில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரி. நீங்கள் கேமராவுக்கு முன் நின்று கையைத் தூக்கினால் அவளும் தூக்குவாள். உள்ளங்கையைக் காட்டினால் எதிரே வரும் வண்டிகள் நிற்கும். கையை அசைத்துக் கூப்பிட்டால் நிற்கிற வண்டிகள் நகரும். ஒரு நொடி ஏமாந்தால் லாரி பஸ் மேல் ஏறிவிடும். மூன்று நிமிடத்துக்கு எதுவும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இந்த யோசனை வானத்திலிருந்து குதிக்கவில்லை. அவளுடைய அக்கா நிஜமாகவே போக்குவரத்துப் போலீஸ். இருபது வருடமாக ஒரே நாற்சந்தி. வீட்டில் உப்பை எடுத்துக் கொடு என்று கேட்பதற்குக்கூடக் கையைத்தான் நீட்டுவாள். அந்தக் கை நீண்டால் அக்கா புருஷன் உட்பட எல்லாரும் நின்றுவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சந்தி வந்துவிட்டது, வண்டிகள் வந்துவிட்டன. ஒரே ஒரு தொல்லை. கேமரா மலிவானது, நொடிக்கு இருபது படம்தான் எடுக்கும். தோள், முழங்கை, மணிக்கட்டு எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொரு படத்திலும் புரோகிராம் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளிகள் ஒரு இடத்தில் நிற்காமல் ஆடின. அதனால் திரையிலிருந்த போலீஸ்காரியின் கை வெடவெடவென்று உதறியது.

"குளிர் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கு" என்றார் ஓவியர், தன் சித்திரத்துக்கு நேர்ந்த கதியைப் பார்த்து.

"இதை நான் எழுதறேன்" என்றாள் அவள்.

புதுமாப்பிள்ளை ஒரு கணம் யோசித்தான். டெஸ்டர் எழுதுவதா என்ற கேள்வி அவன் முகத்தில் வந்து போனது. "எழுதுங்க மேடம்" என்று மட்டும் சொன்னான். நல்ல பையன்.

இரண்டு மணி நேரம் எடுத்தது. கடைசி இருபது படங்களில் கை எங்கெங்கே இருந்ததோ அதையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, அந்த இடத்தில் கையை வைக்கச் சொன்னாள். உதறல் பட்டென்று நின்றது. போலீஸ்காரியின் கை வழுவழுவென்று எழுந்து இறங்கியது. ஓவியர் நெற்றிக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "பூதம், அசத்திட்டேம்மா" என்றார். ஒன்பது வருடத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவள் உருவாக்கிய முதல் பொருள் அது. சந்தோஷத்தில் கையை இன்னும் நாலு முறை தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

அதன் பிறகு ஆறு மணி வரை அவள்தான் ஆடினாள். வேறு யார் ஆடுவது? புதுமாப்பிள்ளை கோடிங்கை விட்டு எழுந்திருக்க முடியாது, ஓவியருக்குத் தோள்பட்டை. "நீங்கதானே டெஸ்டர்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் ஒன்பது வண்டி இடித்தது. பிறகு ஆறு, மூன்று, ஒன்று. கிளம்பும் நேரத்தில் ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமை காலையில் மறுபடி ஆடினாள். அப்போதும் ஒன்றுமில்லை. 'குறை எதுவும் இல்லை' என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு அக்கா வந்தாள். காலை டியூட்டியை முடித்துவிட்டுச் சீருடையோடு நேராக வந்திருந்தாள். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எங்கடி என் சந்தி?"

ஓவியர் பவ்யமாக எழுந்து நின்றார். சீருடையைக் கண்டால் அவருக்கு எப்போதும் கொஞ்சம் பயம். அக்கா கேமராவுக்கு முன்னால் காலைச் சற்று அகட்டி நின்றாள். ஆட்டம் தொடங்கியது. லாரி வந்தது. அக்காவின் கை அம்பு மாதிரிப் பாய்ந்து நின்றது. லாரி நிற்கவில்லை. நேரே போய் பஸ்ஸில் மோதியது.

"என்னடி இது?"

"பரவால்லக்கா, விடாம ஆடு."

விடாமல் ஆடினாள். மூன்று நிமிடம் முடிந்தபோது திரையில் பன்னிரண்டு விபத்து என்று வந்தது. அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"இருபது வருஷத்துல என் சந்தியில ஒரு சைக்கிள் இடிச்சிருக்குமா? பன்னெண்டாம்! உங்க மெஷினுக்குக் கண்ணு தெரியல."

புதுமாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். "அவங்களுக்குப் பழக்கம் இல்ல மேடம். அதான் லேட்டா தூக்கறாங்க."

"யாரு, நானா லேட்டு?" என்றாள் அக்கா. அவன் போனை எடுத்துப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான்.

தங்கைக்கு மட்டும் அந்தச் சமாதானம் ஒப்பவில்லை. அக்காவை அவளுக்குத் தெரியும். அந்தக் கை தாமதமாக வந்ததாகச் சரித்திரமே கிடையாது. "இன்னொரு தடவை ஆடுக்கா, நான் வீடியோ எடுக்கறேன்" என்று அக்காவும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி போனைப் பிடித்தாள். பிறகு ஒரு மூலையில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் படம் படமாக நகர்த்தி எண்ணினாள். அக்காவின் கை நின்று சரியாக அரை நொடி கழித்துத்தான் திரையில் கை எழுந்தது.

அரை நொடி! லாரிக்கு அது தாராளம்.

ஓவியர் விளம்பரத்துக்காகக் காலையில் அவள் ஆடியதையும் எடுத்து வைத்திருந்தார். அதையும் வாங்கி எண்ணினாள். அங்கேயும் அதே அரை நொடிதான். ஆனால் லாரி நின்றது. ஏன் நின்றது என்று மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. லாரி மூலையில் தலையைக் காட்டுவதற்கு முன்பே அவள் கை கிளம்பியிருந்தது. வண்டிகள் வரும் வரிசை எல்லா ஆட்டத்திலும் ஒன்றேதான்; நாற்பது ஆட்டம் ஆடி ஆடி அது மனப்பாடமாகி, கேம் எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு முந்திக்கொள்ள அவள் உடம்பு தானாகப் பழகிவிட்டது. குறையைக் கண்டுபிடிக்க வேண்டியவளே அதைத் தன் கையால் மூடி மறைத்திருக்கிறாள். அந்தக் குறையும் யார் வீட்டுச் சொத்து? இருபது படத்தைக் கூட்டிச் சராசரி எடுக்கிற அவளுடைய கோடிங்தான். பழைய படங்களையெல்லாம் சேர்த்து எண்ணினால் கை பின்தங்காமல் என்ன செய்யும்?

எழுதியவளே சோதித்திருக்கிறாள். சுவரில் அச்சடித்து ஒட்டியவள்!

அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. கீழ்த்தளத்திலிருந்து எத்தனை பேரை இதே தப்புக்காக விரட்டியிருப்பாள். எழுந்து போய் இருவரிடமும் மென்று விழுங்காமல் சொன்னாள்.

"தப்பு என்னோடது. நான் எழுதின கோடிங்ல தாமதம் இருக்கு. நானே ஆடிப் பாத்ததால தெரியல."

அக்கா, "நான் சொன்னேன்ல" என்று சொல்ல வாயெடுத்து, தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

புதுமாப்பிள்ளை மணியைப் பார்த்தான். ஒன்றேகால். "மேடம், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. டீம்ல யாராவது ஒருத்தர் ஆடிக் காட்டினா போதும்னுதான் விதியில இருக்கு. நடுவர் ஆடணும்னு கட்டாயமில்ல. நீங்களே ஆடுங்க. ஒண்ணும் இடிக்காது. நூத்துக்கு நூறு. திங்கக்கிழமை பொறுமையா சரி பண்ணிக்கலாம்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நாலு மணிக்கு அவள் போய் நின்று, கையை அரை நொடி முந்தித் தூக்கினால் போதும். மூன்றாம் மாடி. நாலாக மடித்த விண்ணப்பம் இனி வேண்டாம். ஓவியரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு நிமிடம் நன்றாகவே ஆசைப்பட்டாள்.

"முடியாது தம்பி" என்றாள். "எனக்கு மட்டும் ஓடற கேமை வச்சுக்கிட்டு நான் எதைச் செஞ்சு காட்டினேன்னு சொல்றது? இன்னும் ரெண்டே முக்கால் மணி நேரம் இருக்கு."

"ஓடிக்கிட்டிருக்கறதைப் பிரிச்சா நாலு மணிக்கு ஒண்ணுமே ஓடாமப் போயிடும்."

"போகட்டும். அப்ப நானே முன்னாடி போய் ஓடலன்னு சொல்றேன்."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். "பழைய கோடிங்கை ஒரு நகல் எடுத்து வச்சுக்கறேன். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தாள். சராசரியை எடுத்துவிட்டால் தாமதம் போய்விடும், ஆனால் குளிர் காய்ச்சல் திரும்பிவிடும். பத்துப் படமாகக் குறைத்தாள்; பாதித் தாமதம், பாதி உதறல். ஐந்தாகக் குறைத்தாள். இரண்டும் கெட்டானாக வந்தது. மணி இரண்டேகால். நெற்றி வியர்த்தது. அக்கா கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் கிளம்பவில்லை.

"அக்கா, சும்மா கையைத் தூக்கி நிறுத்து. மெதுவா வேணாம், சந்தியில செய்யற மாதிரியே."

அக்கா செய்தாள். விர்ரென்று போனது, கம்பம் போல நின்றது. மறுபடி செய்தாள். மறுபடி. திரையில் ஓடிய எண்களையே பார்த்துக்கொண்டிருந்த தங்கை ஏழாவது முறை நிமிர்ந்து உட்கார்ந்தாள். கை பாயும்போது புள்ளிகள் அதன் கூடவே பாய்ந்தன. இரண்டு புள்ளி தள்ளாடினாலும் அந்த வேகத்தில் யார் கண்ணுக்கும் படாது. கை நின்ற பிறகுதான் உதறல் தெரிந்தது.

"நின்ன கைக்குத்தான் நிதானம் வேணும்" என்று தனக்குள் முணுமுணுத்தாள். "ஓடற கையை அப்படியே நம்பிடலாம்."

அதைத்தான் எழுதினாள். கை வேகமாகப் போனால் கடைசிப் படத்தை மட்டும் பார். வேகம் குறையக் குறையப் பழைய படங்களையும் சேர்த்துக்கொள். கேட்க எளிதுதான். ஒரு அடைப்புக்குறியை மறந்து, அதைத் தேடுவதிலேயே இருபது நிமிடம் போனது. புதுமாப்பிள்ளை அவள் தோளுக்குப் பின்னால் நின்று, போனை ஒருமுறைகூடப் பார்க்காமல், விரலால் சுட்டிக் காட்டினான். மூன்று மணி பத்துக்கு ஓடியது.

"ஆடிப் பாருங்க மேடம்!"

"நான் ஆட மாட்டேன்." இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். "எழுதினவ சோதிக்கக் கூடாது."

அக்கா ஆடினாள். ஒன்றும் இடிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கையுறையை மாட்டிக்கொண்டு, "இப்பதான்டி கண்ணு திறந்திருக்கு" என்று சொல்லி மாலை டியூட்டிக்கு ஓடினாள். புதுமாப்பிள்ளை ஆடினான், இரண்டு இடித்தது. ஓவியர் ஐயோ அம்மா என்று தோளைப் பிடித்துக்கொண்டே ஆடினார், மூன்று இடித்தது. முடித்ததும் வலியை மறந்து இன்னொரு ஆட்டம் கேட்டார்.

கடைசியாக, வேடிக்கைக்கு, அவளும் ஆடினாள். ஏழு விபத்து. கை முந்திக்கொண்டு எழுந்தது, வராத லாரியை நிறுத்தியது, லாரி வந்தபோது இறங்கிவிட்டது. மூவரும் சிரித்தார்கள். காட்டும்போது புதுமாப்பிள்ளை ஆடுவது என்று முடிவாயிற்று.

நாலரை மணிக்கு அவர்கள் முறை வந்தது. முன்வரிசையில் கேம் பிரிவின் தலைவி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேனேஜர், கையைக் கட்டிக்கொண்டு. இதுவரை வந்த நாலு அணிகளும் தாங்களே ஆடி, தாங்களே கைதட்டிக்கொண்டு போயிருந்தார்கள். புதுமாப்பிள்ளை கேமராவுக்கு முன்னால் போய் நின்றான்.

"ஒரு நிமிஷம்" என்றார் தலைவி. "டெஸ்டிங்ல இருந்து வந்திருக்கறது நீங்கதானே?" அவர் விரல் அவளைக் காட்டியது. "ஒன்பது வருஷமா எங்க கேமையெல்லாம் திருப்பி அனுப்பினவங்க. நீங்க ஆடுங்க, பாக்கலாம்."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பூதம் மாட்டிக்கொண்டது என்று எல்லாருக்கும் ஆனந்தம். புதுமாப்பிள்ளை அவளைப் பார்த்தான். பழைய கோடிங்கின் நகல் அவன் கணினியில் இருக்கிறது, ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும், அவன் கண் அதைத்தான் கேட்டது. அவள் இல்லை என்று தலையசைத்துவிட்டு முன்னால் போய் நின்றாள்.

முடிந்தவரை கையை அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை. முதல் லாரியே பஸ்ஸில் ஏறியது. இரண்டாவது, மூன்றாவது என்று போய், மூன்று நிமிடத்தில் எட்டு விபத்து. பின்வரிசையில் ஒருவன் ஆம்புலன்ஸ் மாதிரிச் சத்தம் போட்டான். மேனேஜர் தன் காலணியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன. ஆனால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"இப்ப நீங்க ஆடுங்க மேடம்" என்றாள்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. நடுவரைக் கூப்பிட்டு ஆடச் சொல்லும் அளவுக்கு அன்று யாருக்கும் துணிச்சல் வந்திருக்கவில்லை. தலைவி புருவத்தைத் தூக்கினார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேனேஜரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"நான் என்ன செய்யணும்?"

"வண்டி வந்தா கையைக் காட்டுங்க. போகலாம்னா கூப்பிடுங்க. வேற ஒண்ணும் தெரிய வேண்டாம்."

லாரி வந்தது. தலைவி கையைக் காட்டினார். லாரி நின்றது. அவர் முகத்தில் ஒரு சிறுபிள்ளைச் சிரிப்பு வந்தது. இடப்பக்கத்து பஸ்ஸைக் கூப்பிட்டார், வந்தது. ஒரு நிமிடத்தில் சத்தம் போட்டு வண்டிகளை அதட்டவே ஆரம்பித்துவிட்டார். மூன்று நிமிடம் முடிந்தபோது திரையில் ஒரே ஒரு விபத்து இருந்தது. அதுவும் அவர் திரும்பி மேனேஜரிடம் ஏதோ சொன்னபோது ஆனது.

மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "முதல் தடவை ஆடின எனக்கு ஒண்ணு. உருவாக்கின உங்களுக்கு எட்டு. எப்படி?"

"நேத்துல இருந்து இன்னிக்குக் காலை வரைக்கும் இது தப்பா இருந்தது மேடம், அதுக்குப் பழகிட்டேன். இப்பதான் சரியாயிருக்கு. என் கைக்கு இன்னும் அது தெரியல."

"தப்பா எழுதினது யாரு?"

"நான்."

"சரி பண்ணினது?"

"நானும் எங்க அக்கா கையும். இவங்க ரெண்டு பேரும் கூட நின்னாங்க."

தலைவி சிரிக்கவில்லை. மேனேஜரிடமிருந்து கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டே அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "காலையில இருந்த கோடிங் கையில இருக்கா?"

"இருக்கு" என்றான் புதுமாப்பிள்ளை அவசரமாக.

"அதுல இவங்க ஆடியிருந்தா ஜெயிச்சிருப்பீங்க."

"தெரியும்" என்றாள் அவள்.

பரிசு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ராக்கெட் விடுகிற அணி ஒன்று தட்டிக்கொண்டு போனது. ஓவியர் அந்த ராக்கெட்டின் வால் கோணல் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்தபோது மேனேஜர் அவளிடம் வந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"திங்கக்கிழமை அந்த ஃபார்மைக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வாங்க. மேல கேக்கறாங்க. ஒரு நிபந்தனை சொன்னாங்க. நீங்க எழுதறதை நீங்க சோதிக்கக் கூடாதாம்."

"அந்த ஃபார்ம் பையிலேயே இருக்கு சார்" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். இரண்டு முறை நாலாக மடித்த தாளை மேஜையில் வைத்து, உள்ளங்கையால் தேய்த்து நிமிர்த்தினாள். கையெழுத்துப் போடும்போது போன் அடித்தது. அக்கா. பின்னால் வண்டிகளின் இரைச்சல் கேட்டது.

"என்னடி ஆச்சு? எத்தனை இடிச்சுது?"

"எனக்கு எட்டுக்கா. முதல் தடவை ஆடின நடுவரம்மாவுக்கு ஒண்ணு."

விசில் சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு லாரி பிரேக் போட்டு நின்றது.

"அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கே" என்றாள் அக்கா.